திருகோணமலையிலிருந்து நாச்சியார்கோயிலுக்கு: பத்து வருடப் போக்குவரத்தில் பட்டறிந்தவை

திருகோணமலை நகரில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். குத்துவிளக்கு, தூக்கு விளக்கு, மணி, தீபத்தட்டு என்று கோயில்களுக்கும் வீடுகளுக்கும் வேண்டிய பித்தளைச் சாமான்கள். பெரும்பகுதி கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாச்சியார்கோயிலிலிருந்து வருகிறது. 2015 முதல் வருடத்துக்கு இரண்டு, மூன்று தடவை நேரில் போய் வாங்குகிறேன். சாமான் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வரும். நான் விமானத்தில் போய்த் திரும்புவேன்.

போனில் படம் பார்த்து வாங்கலாமே என்று கடைக்கு வருபவர்கள் கேட்பார்கள். நாச்சியார்கோயில் விளக்கு ஒரே வார்ப்பில் வருவதில்லை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, புரி போட்டுத் திருகிச் சேர்ப்பார்கள். அந்தப் புரியைக் கழற்றித் திரும்பப் பூட்டிப் பார்க்க வேண்டும். ஆடாமல், நெரிக்காமல் கடைசிச் சுற்று வரை ஓடினால் நல்ல கை செய்தது. பாதியில் இறுகினால் இரண்டு வருடத்தில் எண்ணெய் கசியும். தட்டை விரலால் சுண்டினால் வரும் சத்தமும் அப்படித்தான், படத்தில் கேட்காது. அதனால் நேரில் போகிறேன். போகிற வழியில் இந்தப் பத்து வருடத்தில் எது எது இடறியது, எது கைகொடுத்தது என்று எழுதி வைத்தால் என்னைப் போல வியாபாரத்துக்குப் போகிற கிழக்கு மாகாணத்தவர்களுக்கு உதவும்.

எங்களுக்கு விமானப் பயணம் கட்டுநாயக்கவில் தொடங்குவதில்லை. இங்கிருந்து விமானநிலையம் ஏறத்தாழ 240 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டிப் போக வேண்டும். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். என் பயணங்கள் குழம்பியதில் பாதிக்கு மேல் அந்த 240 கிலோமீற்றருக்குள்ளேயே நடந்தது.

முதல் சில வருடங்கள் இரவு ரயிலில்தான் போனேன். மாலையில் ஏறினால் விடியுமுன் கொழும்புக் கோட்டை நிலையம். ஆசனம் பதிந்துவிட்டால் செலவும் குறைவு, உடம்புக்கும் சுகம். ஆனால் கல்ஓயாச் சந்தியை ஒட்டிய காடு யானைகள் கடக்கும் இடம். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன ரயில் அந்தப் பக்கத்தில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. அந்தப் பாதையில் ரயில் மெதுவாகப் போவதுதான் நியாயம். தாமதத்துக்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலை விமானத்துக்கு அதே இரவு ரயிலை நம்பிப் போகக்கூடாது. ஒரு தடவை அப்படிப் போய், கோட்டையில் இறங்கும்போது என் விமானத்தில் ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். அன்றிலிருந்து ரயில் என்றால் ஒரு நாள் முந்திப் போவேன். அவசரம் என்றால் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு நானாவின் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வானில் போவேன். இரவு பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றால், ஹபரணையில் ஒரு பிளேன்டியோடு சேர்த்து, விடியக்காலை விமானநிலையம்.

2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது வானுக்கு வாரம் 20 லீற்றர்தான் முதலில் ஒதுக்கினார்கள். நானாவின் வான் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும். கணக்குப் பார்த்தால் 200 கிலோமீற்றர்தான், விமானநிலையம் வரைக்குமே போதாது. அந்தப் பயணத்தை நான் கைவிட்டேன். எண்ணெய்க் குதங்கள் சீனன்குடாவில் எங்கள் கண்ணெதிரே நிற்க, நகரத்தில் வரிசை சுற்றிச் சுற்றி நின்றது இன்னும் மனதில் இருக்கிறது.

சரி, பாதையை விடுவோம். விதிமுறைகளுக்கு வருகிறேன்.

இந்தியாவுக்கு நான் எடுப்பது மின்னணு வியாபார விசா. ஒரு வருடச் செல்லுபடி, பல தடவை போகலாம். 2020 மார்ச் 15இல் எனக்கு டிக்கெட். விசா கையில், அதற்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி. மார்ச் 13 முதல் ஏற்கெனவே கொடுத்த விசாக்களையும் இந்தியா நிறுத்திவைத்தது. நானாவுக்குப் போன் எடுத்து, "வர வேண்டாம் நானா" என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "விசா இருக்குத்தானே தம்பி?" என்று இரண்டு தரம் கேட்டார். நான்காம் நாள், 19ஆம் திகதியிலிருந்து, கட்டுநாயக்கவுக்கு வரும் விமானங்களும் நின்றன. ஒருவேளை போயிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். விசா இருப்பது வேறு, புறப்படும் நாளில் அது செல்லுவது வேறு என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். இப்போதும் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு குடிவரவு இணையதளத்தை ஒரு தடவை திறந்து பார்க்காமல் பையைப் பூட்டுவதில்லை.

2024 எனக்கு மிகவும் கடினமான வருடம். என் கடவுச்சீட்டு முடிய ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தது. மின்னணு விசாவுக்கு ஆறு மாதம் வேண்டும். அந்த நேரம் பார்த்து நாட்டில் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்கே தட்டுப்பாடு. பத்தரமுல்லையில் உள்ள தலைமை அலுவலகத்தில் மக்கள் இரவிலிருந்து வரிசையில் நின்றார்கள். நான் வவுனியா அலுவலகத்துக்குப் போனேன். எங்களுக்கு அது கிட்ட. அங்கும் கூட்டம்தான், ஆனாலும் கொழும்பில் அறை எடுத்துத் தங்கும் செலவு மிச்சம். புத்தகம் கைக்கு வரும்வரை ஒரு கொள்முதல் பருவமே போய்விட்டது. கடவுச்சீட்டு முடிய ஒன்றரை வருடம் இருக்கும்போதே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

அதே வருடம் எதிர்ப்பக்கமும் சிக்கியது. ஒரு கோயிலின் கொடிமரத்துக்குச் செப்புக் கவசம் பொருத்த கும்பகோணத்திலிருந்து மூன்று ஆசாரிகளை அழைத்திருந்தோம். 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்குக் கட்டணமில்லாத விசா என்று இலங்கை அறிவித்திருந்ததால், "அதிலேயே வரலாம்தானே அண்ணே" என்றார் மூத்த ஆசாரி. அது சுற்றுலாவுக்கு. கூலி வாங்கி வேலை செய்ய வருபவர் சுற்றுலா என்று எழுதி வருவது தவறு, பிடிபட்டால் அவருக்கும் எங்களுக்கும் கஷ்டம். அதனால் முறையாக வியாபார விசாவுக்குப் போனோம். அந்த முறையோ அந்த வருடம் இரண்டு தடவை தலைகீழாக மாறியது. 2012இலிருந்து இருந்த ஈடிஏ என்ற இணையப் பயண அனுமதி முறையை நிறுத்தி, 2024 ஏப்ரலில் இணைய விண்ணப்ப வேலையை வெளிநாட்டு நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். ஓகஸ்ட் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பர் கடைசியில்தான் பழைய ஈடிஏ திரும்ப வந்தது. எங்கள் ஆசாரிகள் வந்திறங்கியது சரியாக அந்த இடைவெளியில்.

கட்டுநாயக்கவில் நான்கு மணி நேரம் நின்றார்கள். நான் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்களைக் காப்பாற்றியது மூன்று கடதாசிகள்: கோயில் நிர்வாக சபையின் கடிதம், என் கடையின் வியாபாரப் பதிவுப் பிரதி, என்ன வேலை எத்தனை நாள் என்று நான் ஒப்பமிட்டு எழுதிய அழைப்புக் கடிதம். போனில் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தால் கதை வேறு. மூத்தவரின் போனில் இலங்கைச் சிம் இல்லை, இணையமும் இல்லை. அச்சிட்ட தாளைத்தான் நீட்டினார்.

இப்போது வடக்கு வழி. யாழ்ப்பாணத்துப் பலாலியில் சர்வதேச விமானநிலையம் 2019 ஒக்டோபரில் திறந்தபோது எங்களுக்கு நல்ல எதிர்பார்ப்பு. சென்னைச் சேவை நவம்பரில் தொடங்கி, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் விமானம் வந்தது. எனக்கு இது பெரிய வசதி. வவுனியா வழியாகப் போனால் வீதி நெருக்கடி குறைவு, விமானநிலையத்தில் கூட்டமும் இல்லை. சிறிய விமானம் என்பதால் பொதி நிறையை மட்டும் கவனிக்க வேண்டும். மாதிரிக்கு இரண்டு விளக்குகள் கொண்டு வந்தபோது, கழற்றி வைத்த தண்டுகள் ஸ்கேனரில் குழாய் மாதிரித் தெரிந்து பையைத் திறக்கச் சொன்னார்கள். இப்போது தண்டை அடிப்பாகத்தோடு பூட்டியே கட்டுகிறேன், பட்டியலையும் மேலே வைக்கிறேன்.

நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல்தான் என் மனதுக்கு மிகவும் பிடித்தது. நான்கு மணி நேரம், இறங்கினால் நாச்சியார்கோயில் கிட்டத்தில். ஆனால் அதை நம்பி நாள் குறிக்க முடியாது. 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்றது, 2024 ஓகஸ்டில் திரும்ப வந்தது, மழைக்காலத்தில் நின்றது, 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கியது. இன்னொன்று: மின்னணு விசாவில் குறிப்பிட்ட விமானநிலையங்கள், துறைமுகங்கள் வழியாக மட்டும்தான் இந்தியாவுக்குள் நுழையலாம். கப்பலுக்காக நான் கடவுச்சீட்டில் ஒட்டும் விசாவைத்தான் எடுத்தேன். கப்பல் டிக்கெட் எடுக்குமுன் அதைக் கவனியுங்கள்.

கடைசியாக டித்வா புயல். 2025 நவம்பர் 25 நான் திருச்சியில் இறங்கினேன், 29 திரும்புவதாக டிக்கெட். 28ஆம் திகதி புயல் எங்கள் கிழக்குக் கரையில் ஏறியது. நாச்சியார்கோயில் பட்டறையில் உலை ஊதிக்கொண்டிருக்க, நான் வீட்டுக்கு எடுத்த போன் போகவே இல்லை. பட்டறைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரவு ஒன்பதரைக்கு மனைவியின் குரல் கேட்டது: "நாங்க மேல்வீட்டில இருக்கிறம், பயப்படாதீங்க". பிறகு புயல் தமிழ்நாட்டுக் கரையோரமாக நகர்ந்து அங்கும் விமானங்கள் ரத்தாயின. மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் வெள்ளம் என்று அங்கிருந்தபடியே கேட்டேன். கட்டுநாயக்கவில் இறங்கியது டிசம்பர் 2ஆம் திகதி. ரயில் இல்லை. தம்புள்ளை வழி திறந்திருக்கிறதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். கொட்டாஞ்சேனையில் மச்சான் வீட்டில் இரண்டு இரவு தங்கினேன். மூன்றாம் நாள் நானா வந்து சேர்ந்தார், தன் வீட்டுச் சேற்றை முழுதாகக் கழுவி முடிக்காமலேயே. திரும்பிப் போக எங்களுக்குப் பதினான்கு மணி நேரம் ஆனது. அவர் கூலியைக் கூட்டிக் கேட்கவில்லை. கொடுத்தபோதும் வாங்கவில்லை.

என் டிக்கெட்டில் ரத்துக்குப் பணம் திரும்பியது, அதிலும் ஏழு வாரம் சென்றது. இரண்டு இரவுத் தங்கலுக்கும் வழிச்செலவுக்கும் எந்தக் காப்புறுதியும் இல்லை. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் பயணக் காப்புறுதி எடுக்கிறேன், அதில் வானிலைத் தாமதம் அடங்குகிறதா என்று வரிவரியாகப் படித்துவிட்டு. நவம்பர், டிசம்பரில் கொள்முதல் வைப்பதில்லை. தை பிறந்த பிறகுதான்.

அடுத்த பயணம் பலாலி வழியாக. 2025 ஒக்டோபர் 1 முதல் இந்தியாவுக்குள் போகும் வெளிநாட்டவர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள், கட்டணம் எதுவும் இல்லை. காசு கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், அரசுத் தளத்தில்தான் நிரப்ப வேண்டும். மகள் அதை நிரப்பித் தருவாள், நான் அச்சிட்டு விசாத் தாளோடு சேர்த்துக் குத்தி வைப்பேன். நானாவுக்கு நாள் சொல்லியாகிவிட்டது. புறப்படுவது விமானத்துக்கு முந்திய நாள் காலை.