பொங்கல் லீவில் ஐந்து படம், எங்கள் வீட்டு மார்க்

பொங்கலுக்கு மன்னார்குடி போயிருந்தபோது நாலு நாளில் ஐந்து படம் பார்த்தோம். எல்லாம் 2024, 2025இல் வந்தவை. இவற்றில் மூன்றை நான் தியேட்டரிலேயே பார்த்துவிட்டேன், ஆனாலும் அம்மா, பெரியப்பா, தம்பி, பிளஸ் டூ படிக்கிற அத்தை மகள் எல்லாரோடும் சேர்ந்து மறுபடி பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. ஒரு விதி மட்டும் வைத்துக்கொண்டோம். படம் முடிந்ததும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, முதலில் துண்டுச் சீட்டில் பத்துக்கு எத்தனை என்று எழுதி மடித்து வைக்க வேண்டும், அப்புறம்தான் பேச்சு. இல்லாவிட்டால் பெரியப்பா என்ன சொல்கிறாரோ அதையே அம்மாவும் சொல்லிவிடுவார்.

தம்பியின் சீட்டில் மார்க்குக்குப் பக்கத்தில் ‘லேக்’ என்ற வார்த்தை அடிக்கடி வந்தது. இப்போது யாரிடம் எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் முதலில் வருவது இதுதான், பர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக். எனக்கு இந்த வார்த்தை மேல் ரொம்ப நாளாகவே மனத்தாங்கல் உண்டு. மெதுவாகப் போகிற படத்தையும் இழுக்கிற படத்தையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். இழுக்கிற படத்தில் அடுத்து என்ன வரும் என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடும், தெரிந்த பிறகும் அதையே காட்டிக்கொண்டிருப்பார்கள். மெதுவான படத்தில் பார்க்க வேண்டியது நடந்துகொண்டேதான் இருக்கும், நாம்தான் அதற்குள் போனைக் கையில் எடுத்திருப்போம். ஐந்து படத்துக்கும் நான் மார்க் போட்டது இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

முதல் நாள் மெய்யழகன். என் மார்க் 9, பெரியப்பா 10, அம்மா 9, தம்பி 6, லேக்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் படம் கொஞ்சம் கூடுதலாகவே ஒட்டும், அதை மறைக்க மாட்டேன். 1996இல் தஞ்சாவூரில் பூர்வீக வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பம். 22 வருஷம் கழித்து அந்த வீட்டுப் பையன் அருள்மொழி ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். நீடாமங்கலம் என்றாலே எங்களுக்கு ரயில்வே கேட்தான், கேட் போட்டுவிட்டால் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் சொந்தக் கதையெல்லாம் பேசி முடிக்கலாம். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதுமே அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆனால் ஊர்ப் பாசத்துக்காக நான் 9 போடவில்லை. கல்யாண வீட்டில் ஒருத்தர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு “என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பாப்போம்” என்று கேட்கும்போது நமக்கு வருகிற அந்தத் திணறல் இருக்கிறதே, அந்த ஒரே ஒரு திணறலை எடுத்து ஒரு முழுப் படமாக நீட்டியிருக்கிறார் இயக்குநர் பிரேம்குமார். கார்த்தி ‘அத்தான் அத்தான்’ என்று அருள்மொழியாக வரும் அரவிந்த்சாமியைச் சுற்றிச் சுற்றி வருகிறார், சாப்பாடு பரிமாறுகிறார், வீட்டுக்குக் கூட்டிப் போகிறார், அவருக்கோ இவன் யார், பெயர் என்ன என்று தெரியாது. கேட்கவும் முடியாது, ஏனென்றால் இவ்வளவு பிரியம் வைத்திருப்பவனிடம் “நீ யாரு” என்று கேட்டால் அவன் முகம் எப்படிப் போகும். நேரம் போகப் போக அந்தக் கேள்வி இன்னும் கஷ்டமாகிறது, அவன் எவ்வளவு அன்பு காட்டுகிறானோ அவ்வளவு குற்றவுணர்ச்சி ஏறுகிறது. அதனால்தான் படம் மெதுவாகப் போக வேண்டியிருக்கிறது. வேகமாகச் சொன்னால் இது ஒரு மறதி ஜோக் ஆகிவிடும். பெயர் எது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது, இருந்தும் அந்தப் பெயர் அவர் வாயில் எப்போது வரும் என்று நாம் காத்திருக்கிறோம் பாருங்கள்.

கல்யாண மேடையில் தங்கைக்குக் கொண்டுவந்த நகையைக் கொடுக்கிற காட்சியில் எங்கள் வீட்டில் ஒருத்தர்கூட அசையவில்லை. அந்தப் பெண் அப்புறம் பார்க்கலாம் என்று வாங்கி வைக்காமல் அங்கேயே பிரித்துப் போட்டுக்கொள்கிறாள், அண்ணன் குனிந்து கொலுசு மாட்டிவிடுகிறான், பின்னால் வரிசையில் ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை முப்பது விநாடியில் முடித்திருந்தால் ஒரு மொய் வைக்கிற காட்சி, அவ்வளவுதான். படம் வந்த சில நாளிலேயே நீளம் என்று சொல்லி சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். நான் வெட்டுவதற்கு முன்பே தஞ்சாவூரில் ஒரு தியேட்டரில் பார்த்துவிட்டேன், எனக்கு அந்த முழு நீளப் படம்தான் படம்.

குறையும் இருக்கிறது. இடைவேளைக்குப் பிறகு கார்த்தி பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். சரித்திரம் பேசும் சில இடங்களில் எதிரே இருப்பவரை விட்டுவிட்டு நம்மைப் பார்த்துப் பேசுவது மாதிரி ஆகிவிடுகிறது, அந்த இடத்தில் தம்பியின் லேக்கை நானும் ஒத்துக்கொண்டேன். ஸ்ரீதிவ்யாவுக்கு இன்னும் ரெண்டு நல்ல காட்சி கொடுத்திருக்கலாம். கோவிந்த் வசந்தா இசையில் கமல்ஹாசன் பாடிய இரண்டு பாட்டும் நன்றாக இருக்கின்றன, அந்த வயதான குரல் இந்தக் கதைக்குச் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பெரியப்பா 10 போட்டதற்கு ஒரே காரணம்தான் சொன்னார், “அந்த வீட்ட விட்டுக் கெளம்புற எடம் ஒண்ணு போதும்மா.” பாகப்பிரிவினையில் எங்கள் தாத்தா வீட்டை விற்றபோது கடைசியாகச் சாவியைக் கொடுத்தவர் அவர்தான், அதனால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்தது லப்பர் பந்து. என் மார்க் 9, தம்பி 9.5, அம்மா 8.5, அத்தை மகள் 10. மெய்யழகனுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 2024 செப்டம்பர் 20 அன்று வந்த படம். இரண்டிலும் தேவதர்ஷினி இருக்கிறார், அங்கே அரவிந்த்சாமிக்கு மனைவி, இங்கே ஹரிஷ் கல்யாணுக்கு அம்மா, இரண்டும் ஒரே ஆள் என்று அம்மா கடைசிவரை நம்பவில்லை.

ஊரில் ரப்பர் பந்து டோர்னமென்ட் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தின் முதல் கால் மணி நேரமே திருவிழாதான். அறுவடை முடிந்த வயலில் பிட்ச், எல்லைக்குச் சுண்ணாம்புக் கோடு, மைக் செட்டில் வர்ணனை, எந்த ஊர் டீம் என்று பனியனில் எழுதியிருப்பது, யாராவது ஒரு வயதான பேட்ஸ்மேனுக்கு மட்டும் கூட்டம் எழுந்து நிற்பது. அந்தப் பேட்ஸ்மேன்தான் கெத்து, அட்டகத்தி தினேஷ். விஜயகாந்த் வெறியர். அவர் பேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போது பொன்மனச் செல்வன் படத்து ‘நீ பொட்டு வெச்ச தங்கக் குடம்’ போடுகிறார்கள். 1989இல் இளையராஜா போட்ட பாட்டு. விஜயகாந்த் மறைந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில் அதைத் தியேட்டரில் கேட்டபோது பக்கத்தில் நின்று விசில் அடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடித்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

மாமனார் ஆகப் போகிற கெத்துவுக்கும் மருமகன் ஆகப் போகிற ஹரிஷ் கல்யாணுக்கும் கிரிக்கெட்டில் பகை, இதுதான் கதை. கேட்டால் காமெடிப் படம் மாதிரி இருக்கும். ஆனால் இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து முதல் படத்திலேயே ஒரு பெரிய வேலை செய்திருக்கிறார், நன்றாகப் பந்து போடத் தெரிந்தவனை டீமில் சேர்க்காததற்குச் சாதிதான் காரணம் என்பதை ஒரு இடத்தில்கூடப் பிரசங்கமாக ஆக்காமல், யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், யாரை யார் எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே காட்டிவிடுகிறார். காளி வெங்கட் பேசுகிற இடம் வரும்போது அதெல்லாம் நமக்கு ஏற்கெனவே புரிந்திருக்கிறது, அதனால் அவர் குரலை உயர்த்தாமலே நமக்கு நெஞ்சில் ஏறுகிறது. அவர் மகளாக வரும் பெண்ணும் மட்டையைப் பிடிக்கிறாள். அத்தை மகளின் பத்துக்குப் பத்து அவளுக்காகத்தான், இவளும் பள்ளிக்கூட டீமில் ஆடுகிறவள், பையன்கள் வந்துவிட்டால் கிரவுண்டை விட்டுக்கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறவள்.

கெத்துவின் மனைவி யசோதாவாக வரும் ஸ்வாசிகாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். காதலித்துக் கட்டிக்கொண்ட புருஷன் கிரிக்கெட், கிரிக்கெட் என்று அலைகிறான், அவன் மேல் ஆசையும் இருக்கிறது, ஆத்திரமும் இருக்கிறது, இரண்டும் ஒரே பார்வையில் வருகிறது. மாமியாராக கீதா கைலாசம். இந்த இரண்டு பேரும் இருக்கிற காட்சிகளில் அம்மா டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டரை மணி நேரத்துக்குப் பக்கமான படம், தம்பி சீட்டில் லேக் என்ற வார்த்தை இல்லை. காட்சிகளெல்லாம் வேகமாக ஓடவில்லை, ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேண்டுதல் இருக்கிறது, அது நிறைவேறுமா என்று நமக்குத் தெரிய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். என் ஒரு மார்க் போனது கடைசி ஆட்டத்தில், அங்கே எல்லா முடிச்சையும் ஒரே மேட்ச்சில் அவிழ்க்கப் பார்க்கிறார்கள்.

டூரிஸ்ட் ஃபேமிலி 7. அம்மா 9. இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, நல்ல படம், வீட்டோடு பார்க்கலாம். இலங்கையில் பொருளாதாரம் விழுந்த பிறகு படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு தெருவில் குடியேறும் குடும்பம். சசிகுமார், சிம்ரன், இரண்டு பையன்கள். சின்னவன் கமலேஷ் வாயைத் திறந்தால் சிரிப்பு. எம்.எஸ். பாஸ்கரும் குமரவேலும் வருகிற இடங்களில் உண்மையிலேயே கலங்கினேன். லப்பர் பந்துக்கு இசை போட்ட ஷான் ரோல்டன்தான் இதற்கும். ஆனால் தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் நல்லவர்களாக மாறிவிடும்போது, ஊரைவிட்டு ஒளிந்து வந்தவர்களின் பயம் எங்கே போனது என்று எனக்குத் தோன்றியது. ராத்திரி கதவைத் தட்டினால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதற்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்க வேண்டும். முதல் பட இயக்குநர் அபிஷன் ஜீவிந்த், அடுத்த படத்தைக் கட்டாயம் முதல் நாளே பார்ப்பேன்.

வாழையும் கொட்டுக்காளியும் ஒரே நாளில், 2024 ஆகஸ்ட் 23 அன்று, தியேட்டருக்கு வந்தவை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தோம், அது எங்கள் தப்பு, வாழைக்குப் பிறகு ஒரு நாள் இடைவெளி விட்டிருக்க வேண்டும்.

வாழை 8. வாழைத்தார் சுமக்கப் போக மாட்டேன் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சும் பையன், பள்ளிக்கூடம் என்றால் ஓடுகிற பையன். பொன்வேல் நடிக்கிறான் என்று ஒரு இடத்தில்கூடத் தெரியவில்லை. தாருக்கு ஒரு ரூபாயை இரண்டு ரூபாயாக்கக் கேட்கிற கூலிக்காரர்கள், அந்த ஒரு ரூபாய் எத்தனை பேர் கழுத்தில் நிற்கிறது என்பதை மாரி செல்வராஜ் கட்டிக்கொண்டு போகிற விதம் அசாத்தியம். பூங்கொடி டீச்சர் காட்சிகளை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம், இங்கே இழுக்கிறது என்று நானே எழுதினேன். கடைசி இருபது நிமிடம் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை, பெரியப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார், சீட்டும் எழுதவில்லை.

கொட்டுக்காளிதான் சண்டை. என் மார்க் 9, தம்பி 4, அத்தை மகள் 5. அம்மா 8.

இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ், இவருடைய கூழாங்கல் 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. கொட்டுக்காளி இரண்டு மணி நேரம்கூட ஓடாது. பின்னணி இசை கிடையாது, பாட்டு கிடையாது. பேய் பிடித்திருக்கிறது, யாரையோ காதலிக்கிறாள் என்று சொல்லி மீனாவை ஒரு ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள், பின்னால் பைக்கில் முறை மாப்பிள்ளை பாண்டியும் சொந்தக்காரர்களும். படம் முழுக்க அந்தப் பயணம்தான். தம்பி அரை மணி நேரத்தில் “என்னக்கா இது, ஆட்டோ போயிட்டே இருக்கு” என்றான்.

ஆட்டோ போய்க்கொண்டே இருக்கிறதுதான், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மீனாவாக வரும் அன்னா பென் வாயே திறப்பதில்லை, வெளியே பார்த்துக்கொண்டு வருகிறார். ஒரு இடத்தில் எங்கிருந்தோ வருகிற பாட்டுக்கு லேசாக முணுமுணுக்கிறார், அது பாண்டி காதில் விழுகிறது, அடுத்த நிமிடம் அந்த மனிதன் நடுரோட்டில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் அடிக்கிறான். ஒரு பெண் முணுமுணுத்ததற்கு இவ்வளவு அடி. இந்த அடிக்கு முன்னால் இருந்த அமைதியை நீங்கள் உட்கார்ந்து கேட்டிருந்தால்தான் அது எங்கிருந்து வருகிறது என்பது புரியும். அதே மாதிரி ரோட்டில் காளை ஒன்று வழியை மறித்து நிற்கும்போது அத்தனை ஆம்பளைகளும் தள்ளி நிற்கிறார்கள், ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். அம்மா அந்த இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்தார். சமையல்கட்டுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தவர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை, 8 மார்க் எதற்கு என்று கேட்டதற்கு “அந்தப் பொம்பளைங்க எறங்கி ஒதுங்க எடம் தேடுறத எந்தப் படத்துல காட்டிருக்கான்” என்றார்.

பாண்டியாக வரும் சூரியைப் பற்றி எழுதாமல் விட முடியாது. வெண்ணிலா கபடிக் குழு பரோட்டாவில் தொடங்கியவர், விடுதலையில் மாறினார், இங்கே தொண்டை கட்டிய கரகர குரலில், கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, வெறுப்பு வருகிற மாதிரி ஒரு ஆளாக நிற்கிறார். கதாநாயகன் தன்னைப் பார்க்கிறவர்கள் தன்னை வெறுக்கட்டும் என்று விட்டுக்கொடுப்பது சாதாரணக் காரியம் இல்லை.

முடிவைச் சொல்ல மாட்டேன். தம்பி 4 மார்க்கை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டான், எங்கள் விதிப்படி மாற்றவும் கூடாது, ஆனால் ராத்திரி சாப்பிடும்போது “அந்தக் கடைசில பாண்டி என்னதான் நெனச்சான்?” என்று அவனாகவே கேட்டான், பத்தரை மணி வரைக்கும் அதைத்தான் பேசினோம்.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. இதை மத்தியானம், மிக்ஸி ஓடுகிற வீட்டில், டிவி ஸ்பீக்கரில் போடாதீர்கள். நான் தியேட்டரில் பார்த்தபோது எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர், சவுண்டைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தார்கள், போய்க் கேட்டும் கூட்டவில்லை. பிறகு வீட்டில் ஹெட்போன் போட்டு ராத்திரி பார்த்தபோதுதான் ஆட்டோ இன்ஜின் சத்தத்துக்குக் கீழே பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதெல்லாம் எனக்குக் கேட்டது.