‘தி ஹங்கர் கேம்ஸ்’: தானியத்துக்கு ஒரு சீட்டு

தமுக்கம் புத்தகத் திருவிழாவில் அக்கா மகள் கேட்டாள் என்று வாங்கிய நாவல். அவள் முடித்த கையோடு என்னிடம் தந்தாள், உசிலம்பட்டி பஸ்ஸில் தினமும் போகவர நானும் படித்து முடித்துவிட்டேன். சூசன் காலின்ஸ் எழுதி 2008-இல் வந்தது. பனெம் என்று ஒரு நாடு, எல்லாம் கொட்டிக் கிடக்கும் கேபிட்டல் நகரம், அதற்கு உழைத்துப் போட 12 மாவட்டங்கள். பழைய கிளர்ச்சிக்குத் தண்டனையாக வருஷம் 24 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை கொன்றுகொள்ளவிட்டு டிவியில் காட்டுகிறார்கள். படமாகவும் வந்ததால் இந்த அளவு பலருக்குத் தெரிந்திருக்கும்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது சண்டை இல்லை, அந்தச் சீட்டுக் கணக்கு. 12 வயதில் ஒரு சீட்டு, வருஷத்துக்கு ஒன்று கூடி 18-இல் ஏழு, இது எல்லாருக்கும் பொது. ஆனால் வீட்டில் சோறில்லாத பிள்ளை கூடுதலாக ஒரு சீட்டில் பெயர் கொடுத்தால் ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான சொற்பத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். வீட்டில் எத்தனை வாயோ அத்தனை சீட்டு, அதுவும் வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும். அப்பாவை நிலக்கரிச் சுரங்க விபத்தில் இழந்த கதாநாயகி காட்னிஸுக்கு 16 வயதில் 20 சீட்டு, அவள் நண்பன் கேலுக்கு 18 வயதில் 42. மேயர் மகளுக்கு மிஞ்சிப்போனால் ஐந்து. உத்திரமேரூர் குடவோலையைப் பள்ளியில் பெருமையாகப் படித்தோம், இங்கே அதே மாதிரி கை விட்டு எடுக்கிற சீட்டு யார் வீட்டுப் பிள்ளை சாக வேண்டும் என்று சொல்கிறது.

சின்ன வயதில் அம்மாவோடு ரேஷன் வரிசையில் நின்றவன் நான். அங்கே யாரும் உயிரைக் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் பசித்த வீட்டிடம் எதை வேண்டுமானாலும் எழுதி வாங்கிவிடலாம் என்பது அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது வயிற்றில் உறைத்தது. மேயர் மகளிடம் கேல் சுள்ளென்று விழுகிறான், அவளா சட்டம் போட்டாள்? இல்லாதவனையும் கொஞ்சம் இருக்கிறவனையும் முட்டவிட்டால் ஆள்கிறவனுக்கு லாபம் என்பது கேலுக்கே தெரியும், இருந்தும் கோபம் அவள் மேல்தான் பாய்கிறது. ரொம்ப நிஜமான இடம்.

பதினோராவது மாவட்டத்தில் விவசாயம். விளைந்ததில் கை வைத்துத் தின்றால் ஊர் பார்க்கச் சவுக்கடி. அங்கிருந்து போட்டிக்கு வந்த 12 வயது ரூ செத்ததும், அந்தப் பஞ்சத்திலும் அவள் ஊர்க்காரர்கள் காசு சேர்த்து, களத்தில் அவளுக்குத் துணையாக நின்ற காட்னிஸுக்கு ரொட்டி அனுப்புகிறார்கள். அதற்கு மேல் அன்று படிக்க முடியவில்லை.

குறையும் உண்டு. பிற்பாதியில் சண்டையும் காதல் நாடகமும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன, கேபிட்டல்காரர்கள் பலரும் வண்ணப் பொம்மைகளாகவே நின்றுவிடுகிறார்கள். 13 வயதுக்குக் கீழே நான் தரமாட்டேன்.

“எல்லாரும் சேந்து பேர் குடுக்க மாட்டோம்னு சொல்லியிருக்கலாம்ல மாமா?” என்று அக்கா மகள் கேட்டாள். பிறந்த சாதிக்காகவே ஆளைக் குற்றவாளி என்று பதிவேட்டில் ஏற்றிய கைரேகைச் சட்டத்தையும், அதற்கு மறுத்து நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று நம் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டுக் கொன்றதையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லவில்லையே என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை அந்த ஊருக்குக் கூட்டிப்போகிறேன், அடுத்த பாகத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.