வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் சென்னையில் ரூம் போடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் படிக்கவும்

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, பிரான்ஸ் என்று எங்கிருந்தாவது உங்கள் சொந்தக்காரர்கள் சென்னைக்கு வருகிறார்களா? பெரிய ஓட்டலுக்குப் போகாமல் சாதாரண லாட்ஜில் ரூம் போடப் போகிறார்களா? அப்படியென்றால் இதை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில், வெளிநாட்டுக்காரர் தங்கினால் லாட்ஜ் போட வேண்டிய ‘சி ஃபாரம்’ என்ற பதிவைக் காரணம் சொல்லி என் அத்தையிடமும் மாமாவிடமும் பணம் பறித்திருக்கிறார்கள். பணம் போனதுகூடப் போகட்டும். இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி டிராயரில் பூட்டி வைத்துக்கொண்டு, மீதிக் காசு வந்தால்தான் தருவோம் என்றிருக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய இரண்டு பேரிடம், நடு ராத்திரியில்.

புகார் நடந்துகொண்டிருப்பதால் லாட்ஜின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அவர்கள் செய்த விதம் தெரிய வேண்டியதுதான் முக்கியம். ஏனென்றால் இதே கதையை வேறு தெரு, வேறு லாட்ஜ் என்று இப்போது எனக்குப் பலர் சொல்கிறார்கள்.

அத்தை கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனவர். இரண்டு பேரும் மலேசியக் குடிமக்கள். வைகுண்ட ஏகாதசியன்று பார்த்தசாரதி கோயிலில் சொர்க்க வாசல் பார்க்க வேண்டும் என்பது அத்தையின் ரொம்ப நாள் ஆசை. அந்த விடியற்காலைக் கூட்டத்தில் ஆதம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது, கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தால்தான் சரிப்படும் என்று மாமா ஈப்போவிலிருந்தே ஒரு புக்கிங் ஆப்பில் ரூம் போட்டுவிட்டார். வரி சேர்த்து ஒரு நாளைக்கு 1,800 ரூபாய், மூன்று நாளைக்கு 5,400. ரத்து செய்தால் திரும்ப வராது என்ற வகை. கார்டில் முழுப் பணமும் போய்விட்டது. விமான நிலையத்துக்கு வருகிறேன் என்று நான் சொன்னதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். டூர் கம்பெனி எதையும் நம்பாமல் வியட்நாம், இந்தோனேசியா என்று இரண்டு பேரும் தாங்களாகவே சுற்றிப் பழகியவர்கள். சொந்த மொழி பேசுகிற ஊரில் என்ன கஷ்டம் வந்துவிடும் என்றார்.

விமானம் ராத்திரிதான் இறங்கியது. இமிகிரேஷன் முடித்து பிரீபெய்டு டாக்சி பிடித்து லாட்ஜுக்கு வந்து சேர பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. கவுன்ட்டரில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி ஆதார்.

“நாங்க மலேசியா தம்பி. பாஸ்போர்ட்தான் இருக்கு.”

“பாரின் பாஸ்போர்ட்டா? அப்ப ரூம் இல்ல சார். அதுக்கு சி ஃபாரம் போடணும். பெரிய வேல அது.”

மாமா போனில் புக்கிங்கைக் காட்டியிருக்கிறார். அந்த ஆள் யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு, ஓனர் ஒத்துக்கொண்டார், ஆனால் ஆளுக்கு 1,000 ரூபாய் ‘சி ஃபாரம் சார்ஜ்’ என்றாராம். அதற்கு அத்தை சரி என்றதும் அடுத்தது வந்தது: நீங்கள் போட்ட ரூம் வேறு பார்ட்டிக்குப் போய்விட்டது, டீலக்ஸ்தான் இருக்கிறது, ஒரு நாளைக்கு 1,200 கூட ஆகும். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, பணமாகக் கொடுங்கள். விமான நிலையத்தில் ரிங்கிட் மாற்றியதில் கையில் இருந்தது 4,000. அதைக் கொடுத்தார்கள். பக்கத்து ஏடிஎம்மில் மாமாவின் கார்டை மெஷின் எடுத்துக்கொள்ளவில்லை. “அப்ப பாஸ்போர்ட் இருக்கட்டும் சார், காலைல ஓனர் வந்து என்ட்ரி போட்டுட்டுத் தருவார்” என்று இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

டீலக்ஸ் ரூமைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். ஏசியில் வெறும் காற்று.

காலையில் அத்தை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். அழவில்லை. “பாஸ்போர்ட் இல்லாம இருக்கறது ஒரு மாதிரி இருக்குப்பா” என்றார், அவ்வளவுதான். நான் போனதும் மாமா சட்டைப் பையிலிருந்து அவர்கள் கொடுத்த சீட்டை எடுத்துக் காட்டினார். கோடு போட்ட சின்னத் தாள், நோட்டிலிருந்து கிழித்தது. லாட்ஜ் பெயர் இல்லை, சீல் இல்லை, பில் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி பதிவு எண் இல்லை. பால்பாயின்ட் பேனாவில் நான்கு வரி: ‘டீலக்ஸ் டிப் 3,600’ (மூன்று நாளைக்கான கூடுதல் வாடகை), ‘சி பாம் 2,000’, ‘ஜிஎஸ்டி 18% 1,008’, கீழே கோடு போட்டு 6,608. அதில் 4,000 வரவு வைத்து, பாக்கி 2,608 என்று வட்டம் போட்டிருந்தது. அந்த வட்டத்துக்காகத்தான் ஒரு நாட்டு அரசாங்கம் கொடுத்த இரண்டு பாஸ்போர்ட்டுகள் டிராயரில் கிடந்தன.

இந்தச் சீட்டில் சரியான வரி ஒன்றுகூட இல்லை. ஏன் என்று சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டால் யாரும் உங்களை இப்படி மிரட்ட முடியாது.

சி ஃபாரம் என்று எல்லோரும் சொல்வது, வெளிநாட்டுக்காரர் ஒருவர் தங்க வந்திருக்கிறார் என்று இடம் கொடுப்பவர் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் பதிவு. வந்து 24 மணி நேரத்துக்குள் இன்டர்நெட்டில் போட்டுவிட வேண்டும். பொறுப்பு லாட்ஜுடையது, தங்குகிறவருடையது அல்ல. 1946-ஆம் வருடத்து வெளிநாட்டினர் சட்டக் காலத்திலிருந்தே அப்படித்தான். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டத்திலும் அந்தப் பொறுப்பு இடம் கொடுப்பவருக்குத்தான். இதற்கு அரசாங்கம் ஒரு பைசா வாங்குவதில்லை. அதனால் ‘சி ஃபாரம் சார்ஜ்’ என்று ஒன்று கேட்டால், கேட்பவர் தன் பைக்குக் கேட்கிறார்.

ஜிஎஸ்டி விஷயமும் அப்படித்தான். நாள் வாடகை 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். அதற்கு முன்னால் 12. அந்த வாடகை ரூமுக்குப் பதினெட்டு எங்கிருந்து வந்தது? வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் வியாபாரம் செய்கிற சின்ன லாட்ஜ் ஜிஎஸ்டியில் பதியாமல்கூட இருக்கலாம், தப்பில்லை. ஆனால் பதியாதவர் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கக் கூடாது. பதிவு எண் இல்லாத சீட்டில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தாலே சந்தேகப்படுங்கள்.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தேவை நம்பர், விசா விவரம், போட்டோ. போனில் படம் எடுத்துக்கொள்ளலாம், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். ஒரிஜினலை ராத்திரி முழுக்க வைத்துக்கொள்ள எந்தக் காரணமும் கிடையாது. வாடகைப் பாக்கிக்கு அடமானம் பிடிக்க அது அண்டாவோ குண்டானோ இல்லை.

கவுன்ட்டரில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ராத்திரி சி ஃபாரம் போட்டோம் என்கிறீர்களே, போட்டதும் ஒரு நம்பரோடு ரசீது வருமே, அதைக் காட்டுங்கள் என்றேன். “சிஸ்டம் ஸ்லோவா இருக்கு மேடம்” என்றார் ஒருவர். “ஓனர் வீட்லேர்ந்து போட்டாரு” என்றார் இன்னொருவர். வெறும் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்கள். அதில் அத்தை பெயர்கூடத் தப்பாக எழுதியிருந்தது. 112-க்குப் போன் போடுகிறேன், போலீஸ்காரர் முன்னால் டிராயரைத் திறங்கள் என்று போனை எடுத்த பிறகுதான் பாஸ்போர்ட் வெளியே வந்தது. ரப்பர் பேண்ட் போட்டு, வேறு யாரோ மூன்று நான்கு பேருடைய அடையாள அட்டைகளோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் யார், எவ்வளவு கேட்டார்கள் என்று தெரியாது. எனக்கு அது இன்னும் மனசில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

4,000 ரூபாயைத் திருப்பித் தரவில்லை. சண்டை போட்டுக்கொண்டு நிற்காமல் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விஷயம் தெரிந்தது, இது பலருக்குத் தெரியாது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர் உங்கள் வீட்டில் தங்கினாலும் நீங்கள் அந்தப் பதிவைப் போட வேண்டும். அரசாங்க இணையதளத்தில் வீட்டுக்காரர் என்று கணக்குத் தொடங்கி நானே போட்டேன். பாஸ்போர்ட் நம்பர், விசா நம்பர், இந்தியாவுக்கு வந்த தேதி, எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார், ஒரு சின்ன போட்டோ. போட்டோவின் அளவைக் குறைப்பதற்குத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. மற்றபடி ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் இரண்டு பேருக்கும் முடிந்துவிட்டது. பணம் கட்டும் பக்கம் என்று ஒன்று வரவேயில்லை. ‘பெரிய வேல’ என்றாரே, அது இவ்வளவுதான். இந்தப் பதிவின் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விசா நீட்டிப்பு மாதிரி எதற்காவது நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோட்டில் இருக்கும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குப் போக நேர்ந்தால் இதைத்தான் கேட்பார்கள்.

ஏகாதசிக்கு ராத்திரி இரண்டு மணிக்கே கிளம்பிப் போய் வரிசையில் நின்று சொர்க்க வாசல் பார்த்தாயிற்று. அந்தக் குறை இல்லை.

லாட்ஜ்காரர்கள் பக்கத்தையும் நான் யோசித்துப் பார்த்தேன். பதிவு போடாவிட்டால் வழக்கு வரும் என்ற பயத்தில் சில சின்ன லாட்ஜ்கள் வெளிநாட்டுக்காரரே வேண்டாம் என்று வைத்திருக்கின்றன. அது அவர்கள் இஷ்டம், நேராகச் சொன்னால் மரியாதை. ஆனால் அதைப் புக்கிங் ஆப்பில் முதல் வரியில் போட வேண்டும். ‘இந்திய அடையாள அட்டை மட்டும்’ என்பதைப் பக்கத்தின் அடியில் விதிமுறைகளுக்குள் புதைத்து வைத்துவிட்டு, வெளிநாட்டு கார்டிலிருந்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்வது எந்த நியாயத்தில் சேரும்? இலங்கை பாஸ்போர்ட் என்றால் இன்னும் மோசம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் தங்கையை, முதலில் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கி வா என்று எழும்பூரில் ஒரு லாட்ஜில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அப்படிப் போய் வாங்கி வர வேண்டியது எதுவுமில்லை. தமிழ் பேசிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருகிறவர்களை இப்படி நடத்துவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

ஆகவே ரூம் போடுவதற்கு முன் ஊரில் இருப்பவர் யாராவது லாட்ஜுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்: “மலேசியா பாஸ்போர்ட், ரெண்டு பேர். சி ஃபாரம் போடுவீங்களா? அதுக்குத் தனியா காசு உண்டா?” பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிற லாட்ஜை விட்டுவிடுங்கள். கிரீம்ஸ் ரோடு, ஆயிரம் விளக்குப் பக்கத்தில் வங்கதேசத்திலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் சாதாரண லாட்ஜ்கள் நிறைய. அங்கே பல இடங்களில் தினமும் இந்தப் பதிவைப் போட்டுப் பழகியிருக்கிறார்கள், வாடகையும் அதிகமில்லை. முடிந்தவரை அங்கேயே வந்து பணம் கட்டும் வகையில் ரூம் போடுங்கள். நம் ஊரில் எல்லாரும் போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறோம், வருகிறவர்கள் பலருக்கு அது இருக்காது. கார்டு மெஷின் ‘கெட்டுப்போகும்’ ராத்திரிக்காகக் கொஞ்சம் ரூபாய் நோட்டு கையில் இருப்பது நல்லது.

மாட்டிக்கொண்டால்: பாஸ்போர்ட்டைத் தர மறுத்தால் யோசிக்காமல் 112. மலேசியாவுக்கும் இலங்கைக்கும் சென்னையிலேயே துணைத் தூதரகங்கள் இருக்கின்றன, அங்கே தெரிவியுங்கள். பண விஷயத்துக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். சுற்றுலாப் பயணிகளுக்கென்று 1363 என்று ஓர் எண் இருக்கிறது, அதில் ஆங்கிலம், இந்தி, இன்னும் சில வெளிநாட்டு மொழிகளில் பேசலாம்.

நாங்கள் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். புக்கிங் ஆப்காரர்கள், ‘விருந்தினர் செக் இன் ஆகிவிட்டார்’ என்று சொல்லி 5,400-ஐத் தர மறுத்துவிட்டார்கள். போட்ட ரூமைக் கொடுக்கவே இல்லை என்று மாமா தன் கார்டு வங்கியில் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார். இரண்டுக்கும் எங்களிடம் இருக்கும் ஆதாரம் அந்தக் கோடு போட்ட சீட்டின் படமும், அன்றைக்குக் காலையில் ரிஜிஸ்டரை நான் எடுத்த படமும்தான். திருவல்லிக்கேணியிலோ எழும்பூரிலோ இதே மாதிரி சீட்டு உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ கொடுத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து நீங்களும் 1915-இல் பதியுங்கள், எனக்கும் அனுப்புங்கள். நாங்கள் போட்ட புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.