டிடி-830டி மல்டிமீட்டர்: ஓம் விதியைக் கண்ணால் பார்க்க 250 ரூபாய்

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஓம் விதி (கரண்ட் = வோல்ட் ÷ தடை) மனப்பாடம், கணக்கும் போட்டுவிடுவாள், ஆனால் மின்தடை கூடினால் கரண்ட் ஏன் குறைகிறது என்று கேட்டால் புத்தகத்தில் இருக்கும் வரியைத்தான் திருப்பிச் சொல்வாள். அதற்காகவே சென்னை ரிச்சி தெருவில் 250 ரூபாய்க்கு, வோல்ட், கரண்ட், தடை மூன்றையும் அளக்கும் இந்த மஞ்சள் மீட்டரை வாங்கினேன். மூன்று மாதமாகிறது.

முதல் நாள் புது 9 வோல்ட் பேட்டரியை அளந்தோம், 9.4 காட்டியது. பழுப்பு, கறுப்பு, சிவப்பு பட்டை போட்ட 1 கிலோ ஓம் (1000 ஓம்) ரெசிஸ்டர், அதாவது தடைக்கான சின்னப் பாகம், 985 ஓம் காட்டியது. 9.4-ஐ 985-ஆல் வகுத்துப் பார்த்தால் 9.54 மில்லி ஆம்பியர் வரவேண்டும். திருகியை 20 மில்லி ஆம்பியரில் வைத்துச் சுற்றோடு தொடராக இணைத்தோம்: 9.43. "ஏம்ப்பா குறையுது?" என்றாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த அளவில் மீட்டருக்குள்ளேயே சுமார் 10 ஓம் இருக்கிறது, அளக்கப் போன கருவியும் சுற்றில் ஒரு தடையாகச் சேர்ந்துகொள்கிறது. இன்னொரு 1 கிலோ ஓமைத் தொடராகச் சேர்த்ததும் 4.75. எண் பாதியானதைப் பார்த்தவுடனே "அதே பேட்டரி, ரெண்டு மடங்கு தடை, அதான்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

குறைகளும் உண்டு. ஒயர்கள் மெலிசு, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 1 ஓமுக்கு மேல் காட்டுகிறது, அதனால் சின்னத் தடைகளை அளக்கும்போது அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். தானாக அணையாது, திருகியை ஆஃப் பக்கம் திருப்ப மறந்தால் உள்ளே இருக்கும் பேட்டரி வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் கரண்ட் அளவில் வைத்தபடியே பேட்டரியின் இரு முனையிலும் நேராகத் தொட்டாள், இடையில் ரெசிஸ்டர் இல்லை, உள்ளே இருந்த கண்ணாடி ஃபியூஸ் போய்விட்டது. பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி நானே மாற்றினேன், செலவு சில ரூபாய்தான்.

ஆனால் 10 ஆம்பியர் துளையில் ஃபியூஸே இல்லை, என் மீட்டரில் அதன் பக்கத்திலேயே அப்படி அச்சிட்டிருக்கிறது. சிவப்பு ஒயர் அந்தத் துளையில் இருப்பதைக் கவனிக்காமல் வீட்டு பிளக் பாயின்ட்டில் செருகினால், 230 வோல்ட்டுக்கு எதிரே ஓமில் நூறில் ஒரு பங்கு அளவுத் தடைதான் நிற்கும், அப்புறம் எவ்வளவு கரண்ட் பாயும் என்று அதே விதியை வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். பேட்டரியும் ரெசிஸ்டருமாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். வீட்டு லைனைச் சோதிக்க இது வேண்டாம், கரண்ட் அளக்கும் எல்லாத் துளைக்கும் ஃபியூஸ் உள்ள நல்ல மீட்டராகப் பாருங்கள்.