டிரெய்லர் அடியில் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால், கார்டை நீட்டும் முன் இதைப் படியுங்கள்

டெக்சாஸில் டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும், தங்க வசதியுள்ள டிரெய்லர்) வைத்திருக்கும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். கோடை விடுமுறைக்கு முன் சஸ்பென்ஷன் வேலைக்கு வண்டியை விடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டாலஸுக்கு வடக்கே, ஐ-35 நெடுஞ்சாலை ஓரத்தில் இந்த மாதிரி வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஓர் ஆர்வி பட்டறை, செய்யாத வேலைக்கு என்னிடம் 2,940 டாலர் வாங்கியது. விவகாரம் கோர்ட்டுக்குப் போக இருப்பதால் பெயரைப் போடவில்லை.

எங்களுடையது 33 அடி வண்டி. 5,200 பவுண்டு தாங்கும் ஆக்சில் இரண்டு. இந்த ரக வண்டிகளில் கமான் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) இரு முனைக் கண்களிலும், அதாவது போல்ட் நுழையும் வளையங்களில், கம்பெனியிலிருந்தே பெரும்பாலும் நைலான் புஷ்தான் (உரசலைத் தாங்கும் குழாய் போன்ற உறை) போட்டு வருகிறது. கிரீஸ் அடிக்க வழி கிடையாது. சில ஆயிரம் மைல் ஓடியதும் நைலான் தேய்ந்து, போல்ட் இரும்போடு இரும்பு உரசும். அப்புறம், பட்டையின் முனையைத் தாங்கி ஆட விடும் இணைப்புத் தகடான ஷாக்கிளின் ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். எங்கள் வண்டியில் ஷாக்கிள் ஓட்டை அப்படித்தான் ஆகியிருந்தது. இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே சீசா மாதிரி ஆடிப் பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் ஈக்வலைசரும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

எஸ்டிமேட்டில் எழுதியிருந்தது இது: நைலானை எடுத்துவிட்டு வெண்கல புஷ், கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) உள்ள வெட் போல்ட் (உள்ளே கிரீஸ் போகத் துளையுள்ள போல்ட்) 14, அரை அங்குலத் தடிமனில் ஷாக்கிள் தகடு 8, ரப்பர் வைத்த ஈக்வலைசர் இரண்டு, ஹேங்கர் (பட்டையைத் தாங்க ஃபிரேமில் வெல்டிங் செய்த பிடிமானம்) வெல்டிங்கைச் சோதித்து விரிசல் இருந்தால் திரும்ப வெல்டிங், எதிரெதிர் ஹேங்கர்களை இணைக்கக் குறுக்குச் சட்டம். பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய டிரெய்லரைப் பலப்படுத்த இதுதான் சரியான வேலை.

கவுன்ட்டரில் இருந்தவர் இதற்கு மேல் இன்னொன்றையும் தலையில் கட்டப் பார்த்தார். "6,000 பவுண்டு ஆக்சிலுக்கான பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள், இன்னும் 1,600 பவுண்டு ஏற்றலாம்" என்றார். இது சுத்தப் பொய். ஆக்சில், டயர், வீல், பட்டை இவற்றில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் அந்த அச்சின் அளவு. பட்டையை மட்டும் கனமாக்கினால் வண்டி விறைத்துப்போய், ரோட்டின் அடியெல்லாம் ஃபிரேமுக்கும் உள்ளே இருக்கும் அலமாரிகளுக்கும் போகும். வேண்டாம் என்றேன். முகம் சுருங்கியது.

வண்டியை எடுக்கப் போனபோது அடிப்பக்கம் முழுக்க ரப்பர் அண்டர்கோட்டிங் (துருப் பிடிக்காமல் அடிக்கும் கறுப்புப் பூச்சு) அடித்து, ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இருந்தது. எஸ்டிமேட்டில் இல்லாத வேலை. "எங்கள் அன்பளிப்பு" என்றார்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டதற்கு, ஸ்கிராப் வண்டி காலையிலேயே எடுத்துப்போய்விட்டது என்று பதில் வந்தது. நிப்பிள்கள் வெளியே தெரிந்தன, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு மூடி. குறுக்குச் சட்டமும் இருந்தது.

டேவிஸ் மவுன்டன்ஸ் போவதாகத் திட்டம். ஐ-20இல் மிட்லேண்ட், ஒடெஸா தாண்டும் பகுதி தெரிந்தவர்களுக்குத் தெரியும். எண்ணெய் வயல் லாரிகள் ரோட்டைக் குதறி வைத்திருக்கும். மொனஹன்ஸ் நெருங்கும்போது பின்னாலிருந்து டொக் டொக்கென்று சத்தம். மணல்மேடு பார்க்கில் நிறுத்திக் குனிந்து பார்த்தால், வலது பக்கம் இரண்டு டயருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இடது பக்கத்தைவிடக் குறைந்திருந்தது. கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். ஆக்சில் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒடெஸாவிலிருந்து ஒரு மொபைல் மெக்கானிக் வந்தார். வயதானவர், பேச்சு குறைவு. ஃபிரேமை ஜாக்கில் தூக்கி, டயரில் பாரம் இல்லாமல் செய்துவிட்டு, கிரீஸ் கன்னை முதல் நிப்பிளில் மாட்டி அழுத்தினார். உள்ளே போகவில்லை; நிப்பிளைச் சுற்றிக் கோலிக்குண்டு அளவுக்கு கிரீஸ் திரண்டு கீழே விழுந்தது. அடுத்ததிலும் அப்படியே. ஒரு போல்ட்டைத் தட்டி எடுத்தார். பட்டைக் கண்ணுக்குள் வெள்ளை நைலான் இருந்தது. பழைய புஷ், ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து அரைவட்டமாக நின்றது. வெண்கலம் எந்தக் கண்ணிலும் இல்லை. போல்ட்டின் துளை வழியாக வரும் கிரீஸை அந்த நைலான் அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே புது நிப்பிள், உள்ளே பழைய புஷ். பட்டறை காசு பார்த்தது இந்த இடத்தில்தான். நான் பிற்பாடு வாங்கியபோது போல்ட், வெண்கல புஷ், ஷாக்கிள் எல்லாம் சேர்ந்த கிட் 200 டாலருக்குள் வந்தது. அதில் புஷ்ஷுக்கு எவ்வளவு இருந்துவிடப் போகிறது? மிச்சப்படுத்தியது பொருளை அல்ல, கூலியை. பழைய புஷ்ஷை வெளியே எடுத்துப் புதியதை அடித்து இறக்கப் பட்டையைக் கழற்ற வேண்டும், நேரம் பிடிக்கும்.

போல்ட்டைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். தலைக்குக் கீழே பல் பல்லாக இருக்க வேண்டிய இடம் மழமழவென்று இருந்தது. இந்த வகை போல்ட்டின் பற்கள் ஹேங்கர் ஓட்டையில் கடித்துப் பிடித்து, போல்ட் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும். அதனால் தலையைச் சுத்தியலால் தட்டி இறக்கிவிட்டு நட்டை மட்டும்தான் திருக வேண்டும். பட்டறைக்காரர்கள் இம்பாக்ட் கன்னை (வேகமாகச் சுற்றி இறுக்கும் மெஷின்) போல்ட்டின் தலையில் வைத்துச் சுற்றியிருக்கிறார்கள். பல்லும் போய், ஹேங்கர் ஓட்டையும் பெரிதாகிவிட்டது. நட்டின் இறுக்கம் 30 முதல் 50 அடி-பவுண்டுக்குள் இருந்தால் போதும், ஷாக்கிள் தாராளமாக ஆட வேண்டும். எங்களுடையதை அசைக்கவே முடியவில்லை.

அப்புறம் கம்பி பிரஷ்ஷை எடுத்து, வலது பக்க நடு ஹேங்கரில் அந்த அன்பளிப்புப் பூச்சைச் சுரண்டினார். வெல்டிங் ஓரமாக ஒரு கோடு, நகம் நுழையும் அகலத்தில். விரிசலின் உள்ளே துரு, பழைய விரிசல். இரட்டை ஆக்சில் வண்டியைக் குறுகலாகத் திருப்பும்போது டயர்கள் உருளாமல் பக்கவாட்டில் இழுபடும், அந்த இழுப்பு முழுவதும் ஹேங்கரில்தான் இறங்கும். முதலில் விரிசல் விடுகிற இடம் அதுதான் என்று எந்த ஆர்வி மெக்கானிக்குக்கும் தெரியும். இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் மேலே பூசி மெழுகியிருக்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது இதற்குத்தான். புஷ் போனால் செலவோடு போகும். 65 மைல் வேகத்தில் ஹேங்கர் பிய்த்துக்கொண்டால் பின்னால் வருகிற குடும்பத்தின் கதி என்ன?

ஆக்சில் குழாயின் நடுவில் ஜாக் வைத்துத் தூக்கிய பள்ளமும் இருந்தது. அங்கே ஜாக் வைக்கக் கூடாது என்று ஆக்சில் கம்பெனிகளின் கையேட்டிலேயே எச்சரிக்கை உண்டு. நல்லவேளை, வளையவில்லை.

பட்டறைக்கு போன் செய்தேன். மேனேஜர் முதலில், வெண்கலம் ஸ்டாக் இல்லை, நைலானும் அதற்குச் சமம்தான் என்றார். சமம் என்றால் பில்லில் ஏன் வெண்கலம் என்று கேட்டதும் பேச்சு மாறியது: நாங்கள் ஓவர்லோடு ஏற்றியிருப்போமாம், விரிசல் அதனால் வந்ததாம். கிளம்பிய அன்றே டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எனும் லாரி எடைமேடையில் எடை போட்ட சீட்டு என்னிடம் இருந்தது. இரண்டு ஆக்சிலும் சேர்த்து 8,860 பவுண்டு; அனுமதி 10,400. சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அதோடு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இனி வேலைக்குக் கொடுப்பவர்கள் எஸ்டிமேட்டிலேயே இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: கழற்றிய சாமான் அத்தனையும் என் கைக்கு வர வேண்டும், நான் பார்க்கும் வரை அடியில் பெயின்ட் படக் கூடாது. வெல்டிங் செய்த இடத்தில் துருப் பிடிக்காமல் பெயின்ட் அடிப்பது நியாயம்தான், ஆனால் நீங்கள் பார்த்த பிறகு அடிக்கட்டும். வண்டியை எடுக்கும்போது கிரீஸ் கன்னைக் கொண்டுவரச் சொல்லி, எல்லா நிப்பிளிலும் உங்கள் கண்முன்னால் அடிக்கச் சொல்லுங்கள்; புஷ் ஓரத்தில் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்றில் வரவில்லை என்றால் ஃபிரேமை ஜாக்கில் தூக்கி, டயரில் பாரம் இல்லாமல் செய்துவிட்டு அடித்துப் பார்க்கலாம், போல்ட்டின் துளை பாரம் அழுத்தும் பக்கம் திரும்பியிருந்தாலும் அடைக்கும். எதிலுமே வரவில்லை என்றால் உள்ளே இருப்பது நைலானோ என்று சந்தேகப்படுங்கள். வீலைக் கழற்றிய வேலை என்றால் 10, 25, 50 மைலில் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து திருகும் ஸ்பேனர்) மறுபடி இறுக்கச் சொல்லி அவர்களே சொல்ல வேண்டும். எங்களிடம் யாரும் மூச்சு விடவில்லை.

பணத்தை கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், ஒப்புக்கொண்டபடி தராத பொருளுக்கு போட்ட பில் என்று, அந்த ஸ்டேட்மென்ட்டை அவர்கள் அனுப்பிய 60 நாளுக்குள் பேங்குக்கு எழுத்தில் கொடுங்கள். போனில் சொன்னால் சட்டப்படி செல்லாது. டெக்சாஸ் நுகர்வோர் சட்டமான டிடிபிஏவில் வழக்குப் போட 60 நாள் முன்பே நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 20,000 டாலர் வரை ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே (சிறு வழக்குகளுக்கான கோர்ட்) வக்கீல் இல்லாமல் நடத்தலாம். பேங்க் புகார், டிடிபிஏ நோட்டீஸ் இரண்டையும் தொடங்கிவிட்டேன். ஒடெஸா மெக்கானிக் தேதி போட்டுக் கையெழுத்திட்ட அறிக்கையும், அந்த நைலான் துண்டுகளும் பையில் பத்திரமாக இருக்கின்றன.

டென்டன், லூயிஸ்வில் பக்கம் இந்த வருடம் சஸ்பென்ஷன் வேலை பார்த்து, அடியில் இலவசமாகக் கறுப்புப் பூச்சு வாங்கி வந்தவர்கள் டார்ச் எடுத்து நடு ஹேங்கரைப் பாருங்கள். நிப்பிளில் கிரீஸ் இறங்கவில்லை என்றால் படமும் பில்லும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். இன்னொரு வண்டியின் பில் சேர்ந்தால், தெரியாமல் நடந்துவிட்டது என்று அவர்கள் கோர்ட்டில் சொல்ல முடியாது.