ஒரு துப்பாக்கி, ஏழு ஹோல்ஸ்டர்

என் அலமாரியின் அடித்தட்டில் ஒரு செருப்புப் பெட்டி இருக்கிறது. உள்ளே ஆறு ஹோல்ஸ்டர், அதாவது இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை. ஏழாவது என் இடுப்பில். பெட்டியில் கிடப்பதற்கெல்லாம் கொடுத்த காசைக் கூட்டினால் இன்னொரு துப்பாக்கியே வாங்கியிருக்கலாம். வீட்டில் அதற்கு ‘மியூசியம்’ என்று பெயர்.

நான் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம். சின்னதாக ஒரு பெட்ரோல் பங்க், அதோடு சேர்ந்த கடை. இரவு பதினோரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, கல்லாப் பணத்தோடு காருக்கு நடக்கிற நாற்பது அடிக்காகத்தான் இவ்வளவும். 2021 செப்டம்பர் 1-லிருந்து இங்கே 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்து எடுத்துப் போகலாம். நான் லைசென்ஸும் எடுத்து வைத்திருக்கிறேன், வேறு மாநிலம் போகும்போது உதவும். நம் பையன்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டுதான், ஆனால் அதை வக்கீலிடம் கேளுங்கள், சுட்டுப் பழகும் ரேஞ்சில் பக்கத்தில் நின்று சுடுகிறவரிடம் கேட்காதீர்கள். நானே கிரீன் கார்டு வந்த பிறகுதான் துப்பாக்கிக் கடைப் படி ஏறினேன்.

முதலில் வாங்கியது கிளாக் 19 கைத்துப்பாக்கி. பதினைந்து தோட்டா பிடிக்கும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் தடிமனும் என் தொப்பையும் ஒரே பேன்ட்டுக்குள் குடித்தனம் நடத்த முடியவில்லை. அதை வீட்டுப் பெட்டகத்துக்கு அனுப்பிவிட்டு, மெலிந்த உடம்புள்ள கிளாக் 43எக்ஸ் எம்ஓஎஸ் (மேலே ஒளிப்புள்ளி சைட் பொருத்த வசதி உள்ள வகை) வாங்கினேன். பத்துத் தோட்டா. மூன்று வருடத்துக்கும் மேலாக இதுதான்.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் யோசித்தவன், ஹோல்ஸ்டரை மூன்று நிமிடத்தில் எடுத்தேன். பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்கிய நைலான் பை, எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து, துப்பாக்கியைக் காலி செய்து, இரண்டு தடவை சரிபார்த்து, சட்டையைத் தூக்கி உருவினேன். பையும் சேர்ந்து வந்துவிட்டது. கையில் சாக்ஸ் மாட்டிய துப்பாக்கியோடு நிற்கிறேன். ‘என்னங்க, அதை எப்ப கழட்டி, எப்ப சுடுவீங்க?’ என்று கேட்டுவிட்டு என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்து தோல். மடியில் பூனை படுத்திருப்பது போல அவ்வளவு சுகம். ஹூஸ்டன் வேர்வையில் எட்டே மாதத்தில் அதன் வாய் தொளதொளத்துவிட்டது. ஒரு நாள் துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால், வாயோரத் தோல் உள்பக்கம் மடிந்து ட்ரிகர் வளையத்துக்குள் நுழையப் பார்க்கிறது. கிளாக்கில் விரலால் தள்ளுகிற சேஃப்டி கிடையாது. ட்ரிகரை அழுத்துவது விரலா, தோலா, சட்டை நுனியா என்று அது கேட்காது. அன்றைக்கே அது மியூசியத்துக்குப் போனது. தோல் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. வாயில் கெட்டியான பட்டை வைத்துத் தைத்த நல்ல தோல் உறைகள் இருக்கின்றன. என் வேர்வைக்கு அது சரிப்படவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கைடெக்ஸ்தான். சூடாக்கி, துப்பாக்கியின் அச்சிலேயே வார்த்தெடுக்கிற கெட்டி பிளாஸ்டிக். செருகியதும் ‘டக்’ என்று பிடிக்கும், ட்ரிகர் வளையத்தை முழுக்க மூடும், துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தே நிற்கும். எது வாங்கினாலும் முதலில் காலித் துப்பாக்கியை அதில் செருகி, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து நாலு உதறு உதறுவேன். விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் கைடெக்ஸ் வாங்கியதோடு தொல்லை தீரவில்லை, இடம் மாறியது. முதலில் வலப்பக்கப் பின்னிடுப்பில் வைத்தேன். நிற்கும்போது ஒன்றும் தெரியாது. கடையில் அடித்தட்டுக்குக் குனிந்து சரக்கு அடுக்கினால் கைப்பிடி சட்டையை முட்டிக்கொண்டு ஒட்டகத் திமில் மாதிரி நிற்கும். துப்பாக்கியை மறைப்பது என்றால் குழலை மறைப்பது என்று நினைத்திருந்தேன். குழல் எவ்வளவு நீளமானாலும் பேன்ட்டுக்குள் போய்விடும், காட்டிக்கொடுப்பது கைப்பிடிதான். இது புரிய ஒரு வருடம் ஆனது. காரில் வேறு சீட் பெல்ட் கொக்கி சரியாக அங்கேதான் வந்து உட்காரும்.

முன்பக்கம், தொப்புளுக்கு வலப்பக்கம் வைப்பது ஒல்லியானவர்களுக்குத்தான் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். பாதி நிஜம். வயிறு இருந்தால் அது கைப்பிடியை வெளியே தள்ளும். இதைச் சரிசெய்ய இரண்டு சின்ன சமாசாரம் இருக்கிறது. ஒன்று, ட்ரிகர் வளையத்துக்குப் பக்கத்தில் உறையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கொக்கி. பெல்ட் அதன்மேல் அழுத்த அழுத்த, கைப்பிடி உடம்புப் பக்கம் திரும்பும். இன்னொன்று, உறையின் அடியில், உடம்பு பக்கமாக ஒட்டுகிற ஆப்பு வடிவப் பஞ்சு. அது அடிப்பாகத்தை வெளியே தள்ளினால் மேல்பாகம் உள்ளே சாய்கிறது. பஞ்சைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ஒட்டி, பிய்த்து, திரும்ப ஒட்டி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. அப்புறம், உறை குழலைவிட ஒரு அங்குலம் நீளமாக இருந்தால் என் போன்ற உடம்புக்கு நல்லது. குட்டை உறை உட்காரும்போது குத்தாது, ஆனால் நிற்கும்போது கவிழ்ந்துவிடுகிறது.

முன்பக்கம் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. துப்பாக்கி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் உறையைக் கழற்றி, வெளியே வைத்து, துப்பாக்கியை அதில் செருகிய பிறகுதான் மொத்தமாக இடுப்பில் மாட்டுகிறேன். திரும்ப உள்ளே வைக்க யாருக்கும் அவசரம் இல்லை.

பெல்ட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே விறைப்பான பட்டை வைத்தது வாங்குங்கள். சாதாரண பெல்ட்டில் எந்த ஹோல்ஸ்டரும் தொங்கும். என் மியூசியத்தில் இரண்டு உருப்படிகள் உண்மையில் குற்றமற்றவை, குற்றம் அப்போதைய பெல்ட்டின் மேல்.

இனி சைட், அதாவது குறி பார்க்க துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் முனைகள். கிளாக்கோடு வருவது பிளாஸ்டிக்: முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னால் வெள்ளையில் ஒரு ‘யு’. பகலில் போதும். கடைக்குப் பின்புறம் விளக்குக் கம்பத்தைத் தாண்டினால் ஒன்றும் தெரியாது. இருட்டில் தானே ஒளிரும் டிரிடியம் சைட் போட்டேன், மூன்று பச்சைப் புள்ளி. மூன்றும் ஒரே பிரகாசம். வேகமாகத் தூக்கினால் எது முன்னது, எது பின்னது என்று கண் தடுமாறியது. அதை மாற்றி, முன்னால் மட்டும் டிரிடியம், அதைச் சுற்றி ஆரஞ்சு வளையம், பின்னால் வெறும் கறுப்பு என்று போட்டதும் கண் நேராக ஆரஞ்சில் போய் நின்றது. டிரிடியத்தின் அரை ஆயுள் 12 வருடத்துக்குச் சற்று மேல், அதாவது அதற்குள் அதன் ஒளி பாதியாகிவிடும். பழைய சைட்டை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் தயாரித்த வருடத்தைப் பாருங்கள்.

அதோடு நிறுத்தியிருப்பேன், வயது விடவில்லை. நாற்பத்தேழில் ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி வந்தது. அதில் கிட்டத்தில் பார்க்கிற பவர் கீழ்ப்பாதியில். கை நீட்டிய தூரத்தில் முன் சைட் தெளிவாகத் தெரிய, பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தவன் மாதிரி மோவாயைத் தூக்க வேண்டியிருந்தது. இந்தக் காரணத்துக்காகத்தான் ரெட் டாட்டுக்கு, அதாவது சின்னக் கண்ணாடிச் சில்லில் ஒளிப்புள்ளி காட்டும் சைட்டுக்கு, மாறினேன், ஃபேஷனுக்காக இல்லை. அதில் இலக்கை மட்டும் பார்த்தால் போதும், புள்ளி அதன்மேல் வந்து உட்காரும்.

முதல் இரண்டு மாதம் புள்ளி உட்காரவில்லை. துப்பாக்கியைத் தூக்கினால் கண்ணாடிச் சில்லில் ஒன்றுமே இருக்காது, மணிக்கட்டை ஆட்டித் தேட வேண்டும். தோட்டாவை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, காலித் துப்பாக்கியோடு தினமும் பத்து நிமிடம் பழகியதில் சரியானது. இன்னொரு குழப்பம்: எனக்குப் புள்ளி வட்டமாக இல்லாமல் நசுங்கிய கறிவேப்பிலை மாதிரி தெரிந்தது. பொருள் கோளாறு என்று திருப்பி அனுப்ப இருந்தேன். போனில் படம் எடுத்துப் பார்த்தால் அழகான வட்டம். கோளாறு என் கண்ணில், அஸ்டிக்மாட்டிசம். வெளிச்ச அளவைக் குறைத்ததும் பாதி சரியானது, பச்சைப் புள்ளிக்கு மாறியதும் இன்னும் கொஞ்சம்.

ஹூஸ்டனில் ரெட் டாட்டுக்கு இரண்டு விரோதி. ஏசியிலிருந்து வெளியே வந்தால் மூக்குக் கண்ணாடி போலவே அதன் கண்ணாடியும் பனிக்கும். அப்புறம் பனியன் பஞ்சு. திறந்த வகை சைட்டில் ஒளி வருகிற குழிக்குள் பஞ்சு போய் உட்கார்ந்தால் புள்ளி சிதறிவிடும். வாரம் ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் தட்டுகிறேன். மூடிய வகை இப்போது நிறைய வந்துவிட்டது, அடுத்து அதுதான். கீழே புள்ளி இல்லாத சாதாரண சைட்டையும் சற்று உயரமானதாக மாற்றி வைத்திருக்கிறேன், புள்ளி போனாலும் கை விடாது. என் தப்பு ஒன்றும் உண்டு. ரெட் டாட்டைப் பிடிக்கும் திருகில் பசை போடாமல் கையால் இறுக்கிவிட்டு, குறி ஏன் இடப்பக்கம் ஓடுகிறது என்று இருநூறு தோட்டா வீணாக்கினேன். இப்போது தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கி, திருகின்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். கோடு நகர்ந்தால் திருகு நகர்ந்திருக்கிறது.

தினமும் ஒரே உறை, ஒரே இடம், அரைக்கைச் சட்டை, கட்டம் போட்டது, வெளியே விட்டது. இப்போது குனிந்தாலும் தெரிவதில்லை என்று கடைப் பையன் சாட்சி. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் எடுத்துப் போவதில்லை, வீட்டுப் பெட்டகத்திலேயே பூட்டிவிட்டுப் போகிறேன். எப்படியும் வேட்டிக்கு ஏற்ற ஹோல்ஸ்டரை இதுவரை யாரும் செய்யவில்லை.