புருவ மத்தியில் போட்டாக்ஸ்: சில ஆண்டுகள் போட்டுக்கொண்ட பிறகு எழுதுவது

முகச் சுருக்கத்துக்குப் போட்டாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று என்னிடம் விசாரிப்பவர்கள் வலிக்குமா, எவ்வளவு செலவாகும் என்ற இரண்டு கேள்விகளையே முதலில் கேட்கிறார்கள். இரண்டுக்கும் பதில் சொல்வது எளிது. ஆனால் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து போட்டுக்கொண்டதில் எனக்குத் தெளிவானது வேறு: ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் நம் முகம் அசைவதை மருத்துவர் எவ்வளவு பொறுமையாகக் கவனிக்கிறார் என்பதைப் பொறுத்தே பலன் நன்றாகவோ கோணலாகவோ அமைகிறது.

ஐம்பதை நெருங்கும் எனக்குச் சென்னையில் வங்கி வேலை. இரு புருவங்களுக்கும் நடுவே ஆழமாக விழுந்துவிட்ட இரண்டு நேர்க்கோடுகளால், சும்மா கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் எதிரில் நிற்கும் வாடிக்கையாளர் நான் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பேசுவார். அதற்காகத்தான் போனேனே தவிர, பத்து வயது குறைந்து தெரிய வேண்டும் என்ற எண்ணம் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

இந்த மருந்து குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சுப்புரதம். கெட்டுப்போன உணவின் வழியாக உடலுக்குள் போனால் உயிரைப் பறிக்கக்கூடிய அதே நச்சுதான், மிக மிகச் சிறிய அளவில், குறிப்பிட்ட ஒரு தசைக்குள் மட்டும் செலுத்தப்படுகிறது. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையிலிருந்து வெளியேறாதபடி அது தடுத்துவிடுவதால், நாம் முகத்தைச் சுளிக்க நினைத்தாலும் அந்தத் தசை சுளிப்பதில்லை. நரம்பு முனை மெல்ல மீண்டதும் அசைவும் திரும்பிவிடும். சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்வதற்காக இதை உருவாக்கினார். 1989இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவரான ஜீன் கருதர்ஸ், கண் துடிப்புக்கு இந்த ஊசியைப் பெற்றவர்களின் புருவ மத்திக் கோடுகள் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான தம் கணவர் அலஸ்டேருடன் சேர்ந்து அதை ஆராய்ந்து 1992இல் கட்டுரையாக வெளியிட்டார். அழகுக்கான அமெரிக்க அனுமதி புருவ மத்திக்கு 2002இலும், கண்ணோரக் கோடுகளுக்கு 2013இலும், நெற்றிக் கோடுகளுக்கு 2017இலும் வந்தது. நேற்று முளைத்த பார்லர் சரக்கு என்று நினைத்துப் பயப்படுபவர்களுக்காகவே இந்த வரலாற்றைச் சொல்கிறேன். இதைத் துணிந்து பார்லரில் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

எல்லாச் சுருக்கமும் இதற்குக் கட்டுப்படாது. முகத்தை அசைக்கும்போது மட்டும் தோன்றும் கோடுகள் நன்றாக மறையும். முகம் ஓய்வாக இருக்கும்போதும் தெரிகிற, தோலிலேயே பதிந்துவிட்ட கோடுகள் மங்கலாகுமே ஒழிய முழுதாகப் போகாது; என் இடது கோடு அப்படித்தான் இன்னும் மெல்லிதாகத் தெரிகிறது. கன்னம் தொய்வதற்கும், மூக்கின் ஓரத்திலிருந்து வாய் வரை விழும் மடிப்புக்கும், கருந்திட்டுகளுக்கும் இது மருந்தில்லை. இதையும் ஃபில்லரையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஃபில்லர் என்பது தோலுக்கடியில் இட்டு நிரப்பும் பொருள். அது தவறி இரத்தக்குழாய்க்குள் போனால் தோல் கருகவும், அரிதாகப் பார்வை போகவும் கூடும் என்பதால், அதன் ஆபத்துக் கணக்கே தனி.

முதல் சந்திப்பில் என் மருத்துவர் செய்தது இன்றும் நினைவில் இருக்கிறது. "கோபமாகப் பாருங்கள், இப்போது ஆச்சரியப்படுங்கள், கண்ணை இறுக மூடுங்கள்" என்று மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் விரல் நுனியால் தசையைத் தொட்டுப் பார்த்து, வெள்ளைப் பென்சிலால் ஐந்து புள்ளிகள் வைத்தார். வலப்பக்கத் தசை சற்று வலுவானது என்றார். எனக்கு அதுவரை தெரியாது. நெற்றிக் கோடுகளுக்கும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று மறுத்துக் காரணத்தையும் விளக்கினார். புருவத்தை மேலே தூக்குவது நெற்றித் தசை ஒன்றுதான். வயதாக ஆக மேலிமை தொய்யும்போது, நாம் அறியாமலேயே அந்தத் தசையால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்கப் பழகிவிடுகிறோம். அதைத் தளர்த்தினால் கோடுகள் மறையும்; கூடவே புருவம் இறங்கி, கண்மேல் பாரம் வைத்தாற்போல ஆகிவிடும்.

அவர் சொன்னதன் பொருளைப் பின்னர் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். பணி மாற்றலில் வேறு ஊருக்குப் போயிருந்தபோது, அங்கே ஒரு மருத்துவமனையில் என் முந்தைய குறிப்புகளைக் காட்டிய பிறகும், நெற்றிக்கும் சேர்த்துப் போட்டால்தான் பொருத்தமாக இருக்கும் என்று சொல்லி, முகத்தை அசைக்கச் சொல்லாமலேயே வரிசையாகக் குத்திவிட்டார்கள். ஒரு வாரத்தில் நெற்றி கண்ணாடிபோல வழவழவென்று ஆகி, புருவங்கள் இறங்கி, மாலையானால் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே வேலையாகிவிட்டது. இதன் விளைவை முறிக்க மருந்து கிடையாது. அசைவு திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. புருவம் இறங்குவது வேறு, மருந்து பரவி மேலிமையே பாதி மூடிக்கொள்வது வேறு. இரண்டாவது வகை, புருவ மத்தி ஊசிக்கான ஆய்வுகளில் நூற்றில் மூன்று பேர் அளவில் பதிவாகியிருக்கிறது. அதற்கு அப்ராக்ளோனிடின் சொட்டு மருந்து இமையைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கும். தானாகவும் சில வாரங்களில் சரியாகும்.

ஊசி போடும் நேரம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இன்சுலினுக்குப் பயன்படும் அளவு மெல்லிய ஊசி. சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். குத்திய இடங்களில் கொசு கடித்தாற்போலத் தடிப்பு எழும்பி அரை மணியில் அடங்கிவிடும். மருந்துக் குப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்ளே எதுவுமே இல்லாததுபோலத்தான் தோன்றும். மருந்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய படிவாக அடியில் ஒட்டியிருக்கும். அதில் உப்புநீர் சேர்த்துக் கரைத்துப் போடுவார்கள். புருவ மத்திக்குப் போட்டாக்ஸில் வழக்கமான அளவு ஐந்து இடங்களில் மொத்தம் 20 யூனிட், கண்ணோரங்களுக்கு இரு பக்கமும் சேர்த்து 24 யூனிட். டிஸ்போர்ட் என்ற மற்றொரு மருந்தின் யூனிட் வேறு கணக்கு. புருவ மத்திக்கே அதில் 50 யூனிட் போடுவார்கள். ஆகவே ஓரிடத்தில் 20, இன்னோரிடத்தில் 50 என்று ஒப்பிட்டு மலிவு பார்ப்பது வீண். எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்த இடங்களில் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினால் கையிலிருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

போட்ட அன்று நான்கு மணி நேரம் படுக்கக்கூடாது, இடத்தைத் தேய்க்கக்கூடாது, கடும் உடற்பயிற்சி கூடாது என்பார்கள். நம்மவர்களுக்கென்று சிலவற்றைச் சேர்க்க வேண்டும். புருவ மத்தி என்பது பொட்டு வைக்கும் இடமே ஆகையால், அன்று குங்குமம் இடுவதையும் ஸ்டிக்கர் பொட்டை அழுத்தி ஒட்டுவதையும் தவிர்த்துவிடுகிறேன். கோயிலில் விழுந்து கும்பிடுவதை மறுநாளைக்குத் தள்ளிவைக்கலாம். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும், பார்லரில் ஃபேஷியல் மசாஜும் சில நாள் பொறுக்கலாம். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை போன்றவற்றை எடுப்பவர்களுக்கு இரத்தக்கட்டு எளிதாக வரும் என்பதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் ஓர் அழகு ஊசிக்காக அதைத் தாமாக நிறுத்தவே கூடாது.

மூன்றாம் நாளில் மாற்றம் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று, நான்கு மாதத்தில் அசைவு திரும்பத் தொடங்கும். மூன்று மாத இடைவெளிக்குள் மீண்டும் போடுவதையோ, அடிக்கடி கூடுதல் அளவு ஏற்றுவதையோ நான் ஏற்பதில்லை. உடல் இதற்கு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிவிட்டால் பிறகு மருந்தே வேலை செய்யாமல் போகலாம். நீண்ட காலம் அசையாத தசை மெலிந்துவிடுவதால், இப்போது எனக்கு முன்னைவிடக் குறைந்த அளவே போதுமானதாக இருக்கிறது. இடையில் பெருந்தொற்றுக் காலத்தில் நீண்ட நாள் போடவே இல்லை. நிறுத்தினால் முகம் இன்னும் மோசமாகிவிடும் என்று பயமுறுத்தினார்களே, அப்படி எதுவும் நடக்கவில்லை. பழைய கோடுகள் பழைய அளவில் வந்து உட்கார்ந்தன.

மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு, தசை நோய் உள்ளவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், ஊசி போடும் இடத்தில் தொற்று உள்ளவர்கள் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. பசும்பால் புரத ஒவ்வாமை இருப்பவர்களுக்கு டிஸ்போர்ட் ஆகாது. போட்ட பின் விழுங்கவோ மூச்சுவிடவோ பேசவோ சிரமம் ஏற்பட்டால், மருந்து வேறு இடங்களுக்குப் பரவியிருக்கக்கூடும். அழகு ஊசியின் அளவில் இது மிக அரிது என்றாலும், அந்த நேரத்தில் கிளினிக்குக்குப் போன் செய்துகொண்டிராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டும். 2024இல் அமெரிக்காவில் போலி மருந்தாலும் முறையற்ற ஊசியாலும் பலர் பாதிக்கப்பட்டுச் சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அங்கேயே அப்படியென்றால், இங்கே குப்பியையும் அதன் லேபிளையும் காட்டத் தயங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதுதான் நல்லது.

செலவுக்கு வருகிறேன். யூனிட்டுக்குச் சில நூறு ரூபாய் என்ற கணக்கில் என் பில் வரும். அழகு சிகிச்சை என்பதால் அதன் மேல் ஜிஎஸ்டியும் உண்டு, மருத்துவக் காப்பீட்டில் ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கிடைக்காது. ஆண்டுக்கு மூன்று முறை என்று வைத்துக்கொண்டால் சம்பளக்காரர்களுக்கு இது சிறிய தொகையில்லை, ஆகவே நான் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். முகூர்த்தக் காலத்தில் 'மூன்று இடங்களுக்கும் சேர்த்து' என்று வரும் தள்ளுபடிகள், தேவையில்லாத இடத்திலும் ஊசி போட வைப்பதற்கான வழி. வீட்டுக் கல்யாணத்துக்காக முதன்முறையாகப் போட நினைப்பவர்கள் ஒரு மாதமாவது முன்னதாகப் போட்டுவிட வேண்டும். இரத்தக்கட்டு மறைய ஒரு வாரமும், ஒரு புருவம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் அதைச் சின்ன ஊசியால் திருத்துவதற்கு இரண்டு வாரமும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.